பன்னிரண்டு அவுன்ஸுக்குக் கீழே

சங்கத் தலைவர் திரு. ரோலண்ட் யோடர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி நாடீன் ஸ்ட்ரூப் அவர்களே, இந்த மண்டபத்தை நமக்கு வாடகையில்லாமல் தந்துவிட்டு இப்போது சன்னல் வழியாக வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் லாட்ஜ் நிர்வாகிகளே, இண்டியானாவின் எல்லா மூலைகளிலிருந்தும் புகையோடு வந்து சேர்ந்திருக்கும் அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

செயலாளர் என்ற முறையில் ஒரு வரலாற்று முடிவை முதலில் இந்த அவையில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. கடந்த செவ்வாய்க்கிழமை கூடிய ஹாவர்ட் கவுண்டி எஞ்சின் சைக்கிள் சங்கத்தின் செயற்குழு, இரண்டேகால் மணி நேரம் விவாதித்து, எட்டுக்கு ஆறு என்ற வாக்குகளில், இன்று இங்கே நிறுத்தப்படும் ஒவ்வொரு சைக்கிளின் அடியிலும் ஓர் அட்டைத்துண்டு விரிக்கப்பட வேண்டும் என்று தீர்மானித்தது. அட்டையின் அளவு குறித்துக் கொண்டுவரப்பட்ட திருத்தம் தோற்றது. எதிர்த்து வாக்களித்த ஆறு பேரும் தங்கள் வண்டிகள் எண்ணெய் ஒழுகுவதே இல்லை என்று வாதிட்டவர்கள். உள்ளே வரும்போது அந்த ஆறு அட்டைகளையும் பார்த்தேன். துக்க வீட்டில் அதைப் பற்றிப் பேசுவது முறையல்ல.

வெண்டல் ஸ்ட்ரூப் ஜனவரி பதினோராம் தேதி காலமானார். இது ஆகஸ்ட். ஏழு மாதம் கழித்தா இரங்கல் கூட்டம் என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் நினைக்கலாம். அது அவர் மனைவி நாடீன் அவர்களின் முடிவு. "ஜனவரியில வெச்சா எல்லாரும் கார்ல வருவீங்க" என்றார்.

யார் இந்த வெண்டல் ஸ்ட்ரூப்? கியர்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் லேத் என்ற கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றவர். ஓய்வு பெற்ற வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கராஜில் சொந்த லேத்தின் முன்னால் போய் நின்றவர். நமக்கு அவர் யார்? நாம் இன்னும் இரண்டு கால்களோடு இந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமானவர்.

நம் பொழுதுபோக்கைப் பற்றி உண்மையைப் பேசுவோம். சாதாரணச் சைக்கிளில் எஞ்சின் மாட்டுவதற்கென்று கடல் கடந்து ஒரு பெட்டி வருகிறது. அதற்குள் ஓர் எஞ்சின், ஒரு சங்கிலி, ஒரு பல்சக்கரம், இரண்டு ரப்பர் வளையங்கள், ஒன்பது போல்ட்டுகள், எந்த மொழியில் இருக்கிறதென்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு தாள். பின்சக்கரத்தின் கம்பிகளை அந்த இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவில் நசுக்கி, அதன்மேல் பல்சக்கரத்தை முடுக்க வேண்டும். இதை வடிவமைத்தவர் சைக்கிளைப் பார்த்திருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. ஓட்டியதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. நாற்பதாவது மைலில் கம்பி அறும். ஐம்பதாவது மைலில் பல்சக்கரம் தலையாட்டும். அறுபதாவது மைலை நம்மில் பலர் நடந்தே கடந்திருக்கிறோம்.

வெண்டல் செய்தது எளிய விஷயம். இரண்டு அரைவட்ட அலுமினியத் துண்டுகள். அவை கம்பிகளைத் தொடாமல் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பல்சக்கரம் அதன்மேல் உட்காரும். அவ்வளவுதான் ஸ்ட்ரூப் கிளாம்ப். அது வந்த பிறகுதான், காலையில் கிளம்பிய சைக்கிளிலேயே மாலையில் வீடு திரும்பும் வழக்கம் நம்மிடையே தோன்றியது.

அந்தக் கிளாம்ப்பை அவர் விற்ற விதத்தையும் சொல்ல வேண்டும். லேத்திலிருந்து இறங்கும் ஒவ்வொன்றையும் தன்னுடைய பழைய நீலச் சைக்கிளில் மாட்டுவார். தானியக் கிடங்கு வரை போய்த் திரும்புவார். நான்கு மைல். பிறகு கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்து, தபாலில் சேர்ப்பார். மழை வந்தால் அன்றைக்கு எதுவும் அனுப்பப்பட மாட்டாது. அயோவாவிலிருந்து ஒருவர் போனில் குறைபட்டுக்கொண்டார். "புதுசுன்னு சொல்லி விக்கறீங்க, கிரீஸ் கறை இருக்கே?"

"அது கறை இல்லீங்க. நாலு மைலு" என்றார் வெண்டல்.

அந்தக் காலத்துச் சனிக்கிழமைகளை நினைத்துப் பார்க்கிறேன். கராஜின் கதவு ஏழு மணிக்குத் திறக்கும். ரேடியோவில் ஏதாவது ஓர் ஆட்டத்தில் நம் ஆட்கள் தோற்றுக்கொண்டிருப்பார்கள். நாடீன் அவர்கள் சுட்ட சர்க்கரை கிரீம் பை என்ற இனிப்பு கடைசல் இயந்திரத்தின் மேல் இருக்கும், அதில் அலுமினியத் தூள் விழுந்த பக்கத்தை ரோலண்டுக்கு வைப்போம். பதினாறு எஞ்சின்கள் ஒரே நேரத்தில் உயிர் பெற்றதும் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார். போலீஸ்காரர் வருவார். நிதானமாகச் சுற்றிப் பார்ப்பார். மூன்றாவது முறை வந்தபோது தன் சொந்தச் சைக்கிளைக் கொண்டுவந்தார். பிறகு ஓடையை ஒட்டிய சாலையில் வரிசையாகப் போவோம், புல் மேயும் மாடுகள் தலையைக்கூடத் தூக்காது. அந்தப் புகையின் மணம் இன்னும் என் குளிர்காலக் கோட்டில் இருக்கிறது. என் மனைவி அதை மணம் என்று சொல்வதில்லை.

நம் சங்கம் அவருக்கு 'கௌரவத் தலைமைப் பின்சக்கரப் பொறியாளர்' என்ற பட்டத்தை, வார்னிஷ் பூசிய பலகையில் பொறித்துக் கொடுத்தது. அவர் கண் கலங்கிப் பெற்றுக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது அந்தப் பலகை துளைபோடும் இயந்திரத்தின் கீழே கிடந்தது. "நல்ல மரம்ப்பா, துளை போட்டா சிதறவே இல்ல" என்றார். அதைவிட உயர்வாக ஒரு பட்டத்தை யாரும் மதித்து நான் பார்த்ததில்லை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, ஜூன் மாதத்தில், கண்காட்சி மைதானத்துப் பழைய சாமான் சந்தையில் ஒரு மேசையின் முன்னால் வெண்டல் நின்றுவிட்டார். மேசையில் நாற்பது ஸ்ட்ரூப் கிளாம்ப்புகள் அடுக்கியிருந்தன. அவர் செய்யாத நாற்பது. விலை அவருடையதில் மூன்றில் ஒரு பங்கு. கூட இருந்த ரோலண்ட் இதற்குச் சாட்சி.

"எடுத்துப் பாருங்க பெரியவரே" என்றான் வியாபாரி. "இண்டியானாவுல யாரோ ஒரு ஆளு கண்டுபிடிச்ச ஐட்டம். இப்ப அந்த ஆளே எங்ககிட்டதான் வாங்கறாருன்னா பாத்துக்குங்க."

"அப்படியா? எத்தனை வாங்கினாரு?"

"அதெல்லாம் கணக்கே இல்ல."

வெண்டல் கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒண்ணு குடுங்க" என்றார். அந்த வியாபாரி சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் நாடீன் அவர்களின் சமையல் தராசில் இரண்டையும் நிறுத்தார்கள். வெண்டலுடையது பதினான்கரை அவுன்ஸ். வந்தது ஒன்பதரை. உள்ளே என்ன உலோகம் என்று அவர் அறுத்துப் பார்த்தார். சோப்பை அறுத்தது போல இருந்தது என்றார். பெட்டியின் அடியில் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வெண்டல் எழுதி நாடீன் தட்டச்சு செய்த அதே பொருத்தும் முறைத் தாள்.

"இது உங்க கட்டைவிரல்தானே?" என்று படத்தைக் காட்டிக் கேட்டார் நாடீன். நகம் கறுத்த கட்டைவிரல். உலகத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது.

"ஆமா."

"நம்ம போன் நம்பரையும் போட்டிருக்கான்."

"ஆமா."

"எட்டு மணிக்கு மேல கூப்பிட வேணாம்னும் போட்டிருக்கான்."

"அந்த வரைக்கும் நல்ல மனுஷன்தான்" என்றார் வெண்டல்.

இப்படியாக, தன் வடிவத்தைத் திருடியவர்களின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வெண்டல் ஸ்ட்ரூப் பொறுப்பேற்றார். சம்பளம் கிடையாது. விடுமுறை கிடையாது. நாட்டின் எந்த மூலையில் ஒரு போலிக் கிளாம்ப் பிளந்தாலும் நம் ஊர் கோகோமோவில் அந்தச் சமையலறையில் போன் அடித்தது.

இந்த அவையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரை நான் சந்தித்ததே அப்படித்தான். முப்பத்துநான்கு ஆண்டுகள் பொது நூலகத்தில் பணிபுரிந்து, பதிப்புரிமை பற்றிப் பள்ளிகளில் உரையாற்றியவன் நான். இணையத்தில் மலிவாகக் கிடைத்த கிளாம்ப்பை வாங்கினேன். பன்னிரண்டாவது நாள் அது பிளந்தது. முட்டியிலிருந்து ரத்தம் ஒழுக, தாளில் இருந்த எண்ணை அழைத்தேன்.

"யோவ், நீ வித்த சாமான் என் சக்கரத்தையே தின்னுடுச்சு."

"அடி எங்க பட்டுச்சு?"

"முட்டியில. அதை விடு. காசைத் திருப்பிக் குடு."

"எலும்பு தெரியுதா?"

"தெரியல."

"அப்ப சரி. வீட்ல தராசு இருக்கா?"

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன கேக்கற?"

"காய் நிறுக்கற தராசு, தபால் தராசு, எதுன்னாலும் பரவால்ல. நான் லைன்லயே இருக்கேன்."

நூலகத்தின் பார்சல் தராசு என் வீட்டில் இருந்தது. அது ஏன் என் வீட்டில் இருந்தது என்பது இன்றைய கூட்டத்தின் பொருள் அல்ல. ஒன்பதரை அவுன்ஸ் என்றேன்.

"அது என்னுது இல்ல தம்பி."

"நம்பர் உன்னுதுதானே?"

"நம்பர் என்னுதுதான். சனிக்கிழமை சக்கரத்தை எடுத்துட்டு வாங்க. சாப்பிடாம வாங்க, நாடீன் பை பண்றா."

இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இப்படி அவரை அறிமுகம் செய்துகொண்டவர்கள்? கை தூக்க வேண்டாம். எண்ணினால் நம் உறுப்பினர் பட்டியல் வந்துவிடும். மலிவான போலிகளைக் கண்டித்து நம் சங்கம் நிறைவேற்றிய புகழ்பெற்ற தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். அதை முன்மொழிந்தவர் நம் மதிப்புக்குரிய தலைவர். அன்று அவர் ஏறி வந்த சைக்கிளில் அவரைத் தவிர எதுவும் அசல் இல்லை. நம் எஞ்சின் மட்டும் என்ன, யாரோ எப்போதோ வரைந்ததை யாரோ பார்த்துச் செய்ததுதானே? வெண்டல் அந்தத் தீர்மானத்தில் வாக்களிக்கவில்லை. அந்த நேரத்தில் வாசலில் ரோலண்டின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, ஏப்ரல் மாதத்தில், மன்சி நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் சமையல்காரர் வேலைக்குப் போகும் வழியில் இருபத்தெட்டு மைல் வேகத்தில் போலிக் கிளாம்ப் பிளந்து, சங்கிலி சக்கரத்தில் சிக்கி, சாலையில் விழுந்தார். கழுத்தெலும்பும் இரண்டு விலா எலும்புகளும் உடைந்தன. அவர் பெயர் டாரல் ப்ரூயிட். மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருடைய அக்கா அந்த எண்ணை அழைத்தார். அன்று போனை எடுத்தது நாடீன். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்பதை நாடீன் இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை.

வெண்டல் ஒரு வழக்கறிஞரிடம் போனார். வழக்கறிஞர் தெளிவாகச் சொன்னார்: தாளிலிருந்து பெயரை எடுங்கள், எண்ணை மாற்றுங்கள், அந்த ஆளைப் போய்ப் பார்க்காதீர்கள், நீங்கள் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அது உங்கள் பொருள் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். வெண்டல் நன்றி சொல்லிவிட்டு நேரே மன்சி ஆஸ்பத்திரிக்குப் போனார். கையில் ஒரு கிளாம்ப், பதினான்கரை அவுன்ஸ்.

"நீதான் அந்த ஸ்ட்ரூப்பா?" என்றார் டாரல்.

"ஆமா."

"என்னைக் கொல்லப் பாத்தது நீதானா?"

"இல்லப்பா, அது வேற ஆளு. அவங்க அட்ரஸ் எங்கிட்ட இல்ல. அதான் நான் வந்தேன்."

டாரல் சிரித்துவிட்டார். விலா எலும்பு உடைந்தவரைச் சிரிக்க வைத்ததற்காக நர்ஸ் வெண்டலை வெளியே அனுப்பினார்.

அன்று மாலை சமையலறையில் நடந்ததை நாடீன் அவர்களின் அனுமதியோடு சொல்கிறேன்.

"நம்பரை மாத்திடலாம் வெண்டல். நாளைக்கு ஒருத்தன் செத்தா, அந்தத் தாள்ல இருக்கறது உங்க கைதான். உங்க விரலைக் காட்டித்தான் கேப்பாங்க."

"மாத்திட்டா அடுத்து விழறவன் யாரைக் கூப்பிடுவான்?"

"விழுந்தப்புறம் கூப்பிட்டு என்ன ஆகப்போகுது?"

நான்கு நாட்கள் லேத் ஓடவில்லை. அந்த நான்கு நாட்கள் நாங்கள் பயந்தோம், அவர் கடையை மூடிவிடுவார் என்று. ஐந்தாம் நாள், சனிக்கிழமை, பை தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தார். பொருத்தும் முறையின் புதிய பதிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மாட்டுவதற்கு முன் எடை பாருங்கள். பன்னிரண்டு அவுன்ஸுக்குக் கீழே இருந்தால் இது என்னுடையது அல்ல. மாட்டாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள்.'

"இதை உங்க அசல் பெட்டியில வெச்சு என்ன பிரயோஜனம்?" என்றேன். "உங்ககிட்ட வாங்கறவனுக்கு இது தேவையே இல்லையே."

"எங்கிட்ட வாங்கறவனுக்கு எழுதல."

"அவங்க இதைக் காப்பி அடிப்பாங்கன்னு நினைக்கறீங்களா? எந்தத் திருடனாவது தன் சாமான் மேலயே 'இது திருட்டுச் சாமான்'னு அச்சடிப்பானா? அந்த வரியை மட்டும் வெட்டிடுவாங்க."

"வெட்டணும்னா முதல்ல படிக்கணுமே, லைப்ரரி" என்றார் வெண்டல். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

செயற்குழு அந்த யோசனையை எதிர்த்து ஒரு குறிப்பு எழுதியது. எழுதியவன் நான். நல்ல நடை. அடுத்த ஆண்டு மார்ச்சில், வழக்கம்போல ஒரு போலியை வாங்கிப் பிரித்துப் பார்த்தோம். ஒன்பதரை அவுன்ஸ் கிளாம்ப்பும், அதை மாட்டாதே என்று தடித்த எழுத்தில் சொல்லும் தாளும் ஒரே பெட்டியில் இருந்தன. வெண்டல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்ம பேப்பரை விட நல்ல பேப்பரா இருக்கே" என்றார்.

அன்றிலிருந்து விழுந்தவர்களிடமிருந்து வரும் போன் குறைந்து, விழாதவர்களிடமிருந்து கூடியது. மேலும் மேலும் வரிகள் சேர்த்தார். முதல் பத்து மைலுக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள். ஹெல்மெட் போடுங்கள். பிரேக்கை நம்புவதற்கு முன் சோதியுங்கள். எல்லாம் ஐந்தாறு மாதத்தில் கடலுக்கு அப்பால் அச்சாகித் திரும்பி வந்தன. வாழ்நாள் முழுவதும் நூல்களோடு இருந்தவன் சொல்கிறேன், தன்னைப் படிக்காத பதிப்பாளரை இவ்வளவு கவனமாகப் பயன்படுத்திக்கொண்ட வேறோர் எழுத்தாளரை நான் கண்டதில்லை.

இவருக்குக் கோபமே வராதா? வரும். ஒருமுறை கேட்டேன். "வரும் லைப்ரரி. அதுக்குள்ள போன் அடிச்சுடுது" என்றார். அவருடைய விற்பனை பாதியாகக் குறைந்தது. சில மாதங்கள் அவர் செய்தது பத்துகூட இல்லை. அந்தப் பத்தும் தானியக் கிடங்கு வரை போய் வந்துதான் பெட்டிக்குள் போயின.

எல்லோரையும் அவரால் காப்பாற்ற முடிந்ததா? நெப்ராஸ்காவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தராசு என்றதும் கெட்ட வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். அந்த வாரம் வெண்டல் அவரைப் பதினொரு முறை திருப்பி அழைத்தார். யாரும் எடுக்கவில்லை. போன கிறிஸ்துமஸ் சமயத்திலும், ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்த நெப்ராஸ்காக்காரன் என்ன ஆனானோ தெரியல" என்றார். எங்களுக்கும் தெரியவில்லை.

ஜனவரி பதினொன்று காலையில், கராஜுக்குப் போகக் கோட்டு மாட்டும்போது அவர் இதயம் நின்றது. ஒரு கை கோட்டுக்குள் இருந்தது.

அடக்கம் முடிந்த வாரம் தொலைபேசிக் கம்பெனியிலிருந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். நான் அப்போது அந்தச் சமையலறையில் இருந்தேன். எண்ணை மாற்றச் சொல்லி ஏழு ஆண்டுகள் வாதாடிய அம்மாள், "வேணாம்" என்றார். "அது அவரு நம்பர் இல்ல. ரொம்ப நாளா அது விழறவங்க நம்பர்." யார் விழுகிறார்கள் என்று கம்பெனிக்காரருக்குப் புரிந்திருக்காது.

அன்பர்களே, வெண்டல் ஸ்ட்ரூப் அவர்களுக்கு நாம் சிலை வைக்கப்போவதில்லை. பலகை கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். ஆகவே இதைச் சொல்கிறோம். அந்த லேத் நிற்காது. பிப்ரவரி முதல் டாரல் ப்ரூயிட் அதன் முன்னால் நிற்கிறார். நான்கு மைல் ஓட்டாமல் ஒரு கிளாம்ப்பும் தபாலுக்குப் போகாது, அதை ரோலண்ட் ஓட்டுகிறார், மழை நாளில் அவரும் போவதில்லை. காலையில் நாடீன், மதியம் நான், மாலை எட்டு மணி வரை டாரல் என்று அந்தப் போன் எடுக்கப்படும். யார் என்ன திட்டினாலும் முதலில் அடி எங்கே பட்டது என்று கேட்போம். பிறகு தராசு இருக்கிறதா என்று கேட்போம். இது தீர்மானம் அல்ல, வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை. வாக்கு கொடுக்கிறோம்.

இறுதியாகச் செயலாளரின் அறிக்கை. ஜனவரி மாத இறுதியில் பொருத்தும் முறையின் புதிய பதிப்பை அச்சிட்டோம். நாடீன் அவர்களின் விருப்பப்படி அதன் கடைசியில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: 'இந்தக் கிளாம்ப்பை வடிவமைத்த வெண்டல் ஸ்ட்ரூப் ஜனவரி 11 அன்று காலமானார். எண் மாறவில்லை.' ஜூலை முதல் வாரத்திலிருந்து போலிப் பெட்டிகளில் இந்தப் பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. நேற்று வரை நாற்பத்தாறு பேர் அழைத்து நாடீன் அவர்களுக்கு அனுதாபம் தெரிவித்தார்கள். அவர்களில் நாற்பத்துமூன்று பேரிடம் இருந்தது போலி. நாற்பத்துமூன்று பேரும் கழற்றிவிட்டார்கள்.